செருப்புக் கணக்கு

சுங்கை லாலாங் சாலையை விட்டு ரப்பர் மரங்களுக்குள் வண்டி திரும்பியதுமே குணாளனுக்கு எரிச்சல் மூண்டுவிட்டது. இந்த ஆண்டில் இந்தச் செம்மண் பாதையில் அவன் வருவது இது மூன்றாம் தடவை. ஒரு கிடங்குக்கு வண்டு மருந்து போட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் வேலையே இருக்கக்கூடாது. பத்தொன்பது வருடமாக அவன் அப்படித்தான் பேர் எடுத்திருந்தான். பெண்டாங்கில் நெல் ஆலை, சுங்கை பட்டாணியில் பிஸ்கட் தொழிற்சாலை, கோத்தா கோலா மூடாவில் கருவாட்டுக் கிடங்கு என்று எத்தனையோ இடங்களில் வண்டுகளின் கதையை முடித்தவன். தன் வீட்டு அரிசி டின்னில் ஒரு வண்டுகூட நடந்தது கிடையாது என்று மனைவி உமாராணி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்பேர்ப்பட்டவனை இந்த ஒரு கிடங்கு, அதிலும் ஒரே ஒரு மூட்டை அடுக்கு, பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் அய்யாவு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. தார்ப்பாய் இழுப்பதும் மணல் பை அடுக்குவதும் அவர் வேலை. வாயைத் திறப்பது தன் வேலையில்லை என்று நினைப்பவர். காலையிலிருந்து குணாளன் மழையைத் திட்டினான், மருந்து மாத்திரை விற்கும் கம்பெனியைத் திட்டினான், பழைய தார்ப்பாயைத் திட்டினான். எல்லாவற்றுக்கும் அவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தார்.

கிடங்கு வாசலில் பிரேமாவதி காத்திருந்தாள். ஆலையில் தரம் பார்க்கப் புதிதாக வேலைக்கு வந்த பெண். வணக்கம் சொல்லுமுன்பே கையிலிருந்த ஜாம் போத்தலை நீட்டினாள். அடியில் ஒரு பிடி அரிசி. அதன்மேல் கறுப்பும் பழுப்புமாக வண்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணே, இது நீங்க மருந்து போட்ட அரிசிலா. நாலாவது அடுக்கு. எல்லாம் உயிரோட இருக்கு.”

பினாங்கில் வாங்கியவர்கள் ஒரு லோரி அரிசியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இந்தத் தடவையும் ஒரு வண்டு உயிரோடு கிடைத்தால், லைசென்ஸ் கொடுத்த இலாகாவுக்கே புகார் எழுதிவிடுவதாக முதலாளி ஷாஹிர் சொல்லியிருக்கிறார். பிரேமாவதி அதைச் சங்கடத்தோடுதான் சொன்னாள். குணாளன் மனதுக்குள் நாளை எண்ணினான். அவன் லைசென்ஸைப் புதுப்பிக்க இன்னும் இரண்டே மாதம். அந்த நேரத்தில் இப்படி ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் அவன் மாத்திரை டப்பாவைத் தொடவே முடியாது. நாற்பத்து நாலு வயதில் வேறு தொழிலும் தெரியாது. நேற்று வந்த பையன் எவனாவது மருந்து போட, இவன் பின்னாலிருந்து தார்ப்பாய் இழுக்க வேண்டியதுதான்.

“இந்தத் தடவை ஒண்ணுகூட தப்பாது,” என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினான்.

முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்ட கொட்டகை அது. சுவர்கள் இன்னும் கறுப்பாகவே இருந்தன. காலை பத்து மணிக்கும் உள்ளே அந்தி வெளிச்சம்தான். அரிசி வாடைக்கு அடியில் பழைய புகையும் புளித்த ரப்பர் பாலும் மூக்கில் ஏறின. பக்கத்துக் கட்டடத்தில் நாள் முழுவதும் மாவு அரைப்பதால், தரையெங்கும் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். நான்கு பெரிய மூட்டை அடுக்குகள் கூரையை நோக்கி நின்றன. கோடியில், சுவரோரமாக, நாலாவது.

நுழையுமுன் குணாளன் வாசற்படியைக் குனிந்து பார்த்தான். அது கையை மீறிய பழக்கம். கொட்டிக் கிடக்கும் அரிசியின்மேல் செருப்புக் காலோடு நடக்க எஸ்டேட் பெண்களுக்கு மனம் வராது. பெருக்க வருகிறவர்கள் எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள். அவர்கள் குத்தகைக் கூலிகள். ஆலையின் பெயர்ப் பட்டியலில் கிடையாது. அதனால் மருந்து போடுகிறவர்கள் பட்டியலை நம்பாமல் செருப்பை எண்ணினார்கள். வாசலில் எத்தனை சோடியோ, உள்ளே அத்தனை பேர். வாசல் காலியானால் மூடலாம்.

இப்போது வாசல் காலியாக இருந்தது. இருந்தும் அவன் இரண்டு தடவை பார்த்தான்.

வேலையில் அன்று ஒரு குறை வைக்கவில்லை. தார்ப்பாய் புதிது. நஞ்சுக் காற்றை விடும் மாத்திரைகளின் தட்டுகளை மூட்டை இடைவெளிகளில் வைத்து, தார்ப்பாயைத் தரைவரை இழுத்துவிட்டு, அதன் ஓரத்தில் மணல் நிரப்பிய நீளப் பைகளை ஒரு வரிசைக்கு இரண்டு வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொரு அடுக்குக்குள்ளிருந்தும் ஒரு மெல்லிய குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தார்கள். உள்ளே காற்றில் எவ்வளவு நஞ்சு நிற்கிறது என்பதை வெளியிலிருந்தே மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். ஏழு நாள் அந்த எண் முந்நூற்றுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் முட்டைக்குள் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை மீட்டரை வைத்தான். முதல் அடுக்கு, எண்ணூறு. இரண்டாவது, எண்ணூற்றுப் பத்து. மூன்றாவதும் அதே மாதிரி.

நாலாவது, முப்பது.

குணாளன் மீட்டரைத் தட்டினான், குழாயை ஊதினான், மறுபடி வைத்தான். இருபத்தெட்டு. எரிச்சலில் காலடியில் கிடந்த வாளியை ஓர் உதை விட்டான். அது ரப்பர் மரங்கள்வரை உருண்டு போனது. பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். அய்யாவும் தன் முகமூடியோடு பின்னால் வந்தார்.

நாலாவது அடுக்கின் மூலையில் இரண்டு வரிசை மணல் பைகளும் விலகியிருந்தன. ஒரு சாண் அகலத்துக்குத் தார்ப்பாய் தரையை விட்டு எழும்பி நின்றது. வெளியிலிருந்து யாராவது இழுத்திருந்தால் பை வெளிப்பக்கம் தாறுமாறாகக் கிடக்கும். இது அப்படியில்லை. உள்ளேயிருந்து கையால் மெல்ல மெல்லத் தள்ளியதுபோல் இரண்டு பைகளும் ஒன்றையொன்று ஒட்டி நகர்ந்திருந்தன.

அந்த இடைவெளிக்கு வெளியே ஒரு குவியல். சிந்திய அரிசியும் உமியும் வண்டுகளும், தூசி பறக்காமல் அழகாகப் பெருக்கி ஒதுக்கிய குவியல். அதைச் சுற்றி மாவு படிந்த தரையில் விளக்குமாற்றின் கோடுகள்.

அய்யாவு அங்கேயே நின்றுவிட்டார். குணாளன் பைகளை ஆத்திரத்தோடு உதைத்துப் பழைய இடத்துக்குத் தள்ளினான். மேலே இன்னும் நான்கு பைகளைப் போட்டான். வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும், ஆலைக்காரர்கள்தான் யாரையோ உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று பிரேமாவதியிடம் கத்தினான். அவள் பூட்டுச் சாவியை எடுத்துக் காட்டினாள். இரவு முழுவதும் அது அவள் கைப்பையில்தான் இருந்திருக்கிறது. கிடங்குக்கு வேறு கதவும் கிடையாது.

அவள் போனபிறகு அய்யாவு முதல் தடவையாகத் தானாக வாயைத் திறந்தார்.

“நடுவுல மூணு வருசம் வேற ஆளு வந்து மருந்து போட்டான் தம்பி. ஒரு தொந்தரவும் இல்ல. நீ திரும்பி வந்த பிறகுதான் இப்படி.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணும் இல்ல. மருதம்மா கிடந்த எடம் அது.”

அந்தப் பெயரை அவர் சொல்லிவிடக்கூடாது என்றுதான் குணாளன் நேற்றுக் காலையிலிருந்து இடைவிடாமல் எதையாவது திட்டிக்கொண்டே இருந்தான்.

நான்கு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். தகரக் கூரை அதிர மழை. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் காதில் விழாது. அன்று குணாளன் இதே வாசலில் நின்று செருப்பை எண்ணினான். ஒரு சோடிகூட இல்லை. மூடுமுன் உள்ளே பார்த்து மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும் என்பது தொழில் முறை. இந்த மழையில் கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று விட்டுவிட்டான். வாசல் காலி, மூடலாம் என்று கை காட்டினான். அய்யாவு தார்ப்பாயை இழுத்துவிட்டார்.

மருதம்மாள் நாலாவது அடுக்குக்குப் பின்னால், சுவரோரச் சந்தில் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் ஆலையில் பெருக்குகிறவர்களுக்கெல்லாம் கயிறு கட்டும் தோல் ஷூ, சேஃப்டி சப்பாத்து, கொடுத்திருந்தார்கள். ஆயுளில் முதல் தடவையாக அவள் காலில் சப்பாத்தோடு கிடங்குக்குள் போனாள். செருப்பு அவள் பைக்குள் இருந்தது.

தனியாளாக இருந்தவள். தீபாவளிக்கு ஜொகூரில் இருக்கும் மகனிடம் முன்கூட்டியே போய்விட்டாள் என்று மற்ற பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். மகனோ, அம்மா பஸ் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டான். ஏழு நாள் கழித்துத் தார்ப்பாயைத் தூக்கியபோது, அவள் விரல்கள் மணல் பைக்கு அடியில் இருந்தன. பை ஒரு சாண் நகர்ந்திருந்தது. சப்பாத்தின் கயிற்றை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல், மூட்டை கட்டுவதைப்போல முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருந்தாள். அதை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. அப்படியே கொண்டுபோனார்கள்.

அனுமதி இல்லாமல் உள்ளே போனது அவள் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். குணாளன் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சப்பாத்து எப்படி வந்தது என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பு கிடங்கைச் சோதித்து ஒரு படிவம் நிரப்பியவன் அவன்தான். ‘பிற குறைகள்’ என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் வேலை பார்க்காதவன் என்று நினைப்பார்களே என்று, ‘பெருக்குகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், சப்பாத்து தேவை’ என்று எழுதி வைத்தான்.

“நான் எண்ணினேன் அண்ணே,” என்றான் இப்போது. “ஒரு சோடிகூட இல்ல. வேற என்னா செய்யச் சொல்றீங்க?”

“எண்ணின. கூப்பிடல.”

நண்பகலில் மீட்டரை வைத்தான். நாலாவது அடுக்கு, பன்னிரண்டு.

அவனுக்கு வந்தது பயமில்லை. அடக்க முடியாத கோபம். செத்தவளுமா தன் வயிற்றில் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. முகமூடியை மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனான். மேலே போட்ட நான்கு பைகளும் சேர்ந்து விலகியிருந்தன. குவியல் இப்போது பெரிதாகியிருந்தது.

முகமூடிக்குள் தன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும்.

சரக்... சரக்... சரக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

சரக்... சரக்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து வந்தது. ஒரு ஆள் குந்தியபடி நகர்ந்து நகர்ந்து பெருக்கும் சத்தம். சுவரோரமாக மெதுவாக அவனை நோக்கி வந்தது. அவன் முழங்கால் உயரத்தில் தார்ப்பாய் வெளிப்புறமாகப் புடைத்தது. ஐந்து விரல்கள் நன்றாகத் தெரிந்தன. அவை துழாவிக்கொண்டே கீழே இறங்கி, மணல் பை இருந்த இடத்தில் நின்றன.

குணாளன் எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வாசற்படியில் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு மூச்சு வாங்கினான். வெளியே சுள்ளென்று வெயில். எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அய்யாவு அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். 

விட்டுவிட்டு ஓடலாம். ஆனால் ஓடினால் அந்த அடுக்கில் வண்டு இருக்கும். வண்டு இருந்தால் கடிதம் போகும். அவன் மனம் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. கடைசியில் எழுந்து, கதவை அகலத் திறந்து, வாசற்படியில் நின்றபடியே இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“உள்ள யாரு இருக்கா? மூடப் போறோம்.”

குரல் கறுத்த சுவர்களில் பட்டுத் திரும்பியது.

“மருதம்மாக்கா. வெளிய வாங்க.”

கோடியில் ஏதோ கனமாக உருண்டது. மணல் பை.

 மூன்றாவது தடவைக்குக் குரல் வர மறுத்தது. அய்யாவு அவன் தோளில் கை வைத்தார்.

“சப்பாத்துப் போடச் சொல்லி எழுதினது நான்தான்க்கா,” என்றான். “வந்துருங்க. இங்க இருக்காதீங்க.”

டக்.

டக். டக்.

மாவு படிந்த தரையில் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சின்னக் கால்; சப்பாத்து அடியின் கட்டங்கள் தெளிவாகப் பதிந்தன. பழகாத சப்பாத்தோடு நடப்பவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப்போல, நின்று நின்று வந்தன. மூன்றாவது அடுக்கைக் கடந்தன. இரண்டாவதைக் கடந்தன. வாசற்படிக்கு ஒரு அடி இருக்கும்போது நின்றன.

அரிசி வாடை இல்லை, புகை வாடை இல்லை. கடையிலிருந்து அப்போதுதான் பிரித்த புதுத் தோலின் வாடை அவன் முகத்தைத் தொட்டுக் கடந்துபோனது.

அய்யாவு நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்தார். “வெளிய கூப்பிட்டுட்ட தம்பி,” என்று முணுமுணுத்தார். “எங்க போகச் சொல்லிக் கூப்பிட்ட?”

“வெளிய வந்தா போதும்ண்ணே.”

அவன் அதற்குமேல் யோசிக்கவில்லை. முகமூடியோடு உள்ளே போய்ப் புதிய மாத்திரைகளை வைத்து மூலையை மறுபடி மூடினான். சாயங்காலம் மீட்டர் எழுநூற்று ஐம்பது காட்டியது. மறுநாளும் அப்படியே. அந்த ஏழு நாளும் எண் இறங்கவேயில்லை. மணல் பை ஒரு நூல் நகரவில்லை. குவியலும் இல்லை.

எட்டாம் நாள் தார்ப்பாயைத் தூக்கி, கதவுகளைத் திறந்துவிட்டு, நஞ்சு முழுக்கப் போனபின் பிரேமாவதி நாலாவது அடுக்கில் பத்து மூட்டைகளில் அரிசி எடுத்துச் சலித்துப் பார்த்தாள். செத்த வண்டுகள் மட்டும்தான் சல்லடைக்கு அடியில் விழுந்தன. அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். சான்றிதழில் முதலாளி கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். குணாளன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்தக் காகிதம் நெஞ்சில் உரசும்போதெல்லாம் உயிர் திரும்பியது மாதிரி இருந்தது.

அய்யாவை பீடோங்கில் இறக்கிவிட்டபோது, அவர் கதவைச் சாத்தாமல் வண்டியின் பின்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்த ஒரு வாரமா வண்டியில புதுச் சப்பாத்து வாடை அடிக்குது,” என்றார். தார்ப்பாய் புதுசு, அந்த வாடைதான் என்று குணாளன் சொன்னான். அவர் ‘ம்’ கொட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சுங்கை பட்டாணியில் தன் தெருவுக்கு அவன் வந்து சேர்ந்தபோது மணி ஆறு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சந்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். உமாராணிக்கு அந்த வாரம் தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்ட். பதினோரு மணிக்குத்தான் வருவாள். மகள் கல்லூரி விடுதியில். இரும்புக் கதவு அவன் காலையில் பூட்டியபடியே இருந்தது. அதைத் திறந்து உள்ளே போய், வீட்டுக் கதவுச் சாவியைத் தேடி எடுத்தபடி, பழக்கத்தில் வாசற்படியைக் குனிந்து பார்த்தான்.

ஒரு சோடி.

கறுப்புச் சேஃப்டி சப்பாத்து. சின்ன அளவு. மேலே வெள்ளையாக மாவு. முனைகள் வீட்டைப் பார்த்திருக்க, பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. கயிற்று முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்து, நுனிகள் சப்பாத்துக்குள் பத்திரமாகச் செருகியிருந்தன.

பூட்டிய கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

சரக்... சரக்.

கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியே விளக்குமாற்றின் நுனி ஒரு பிடி அரிசியைத் தள்ளியது. உமாராணி வாங்கி வைத்த அரிசிதான். அதில் ஒரு மணி திரும்பிப் படுத்து, ஆறு கால்களை நீட்டி, அவன் காலை நோக்கி நடக்கத் தொடங்கியது.

உள்ளே யார் என்று மூன்று தடவை கேட்க வேண்டும். அவன் வாயைத் திறந்தான். ஒரு தடவைக்குக்கூடக் குரல் வரவில்லை. சட்டைப் பைக்குள் காகிதம் மட்டும் சலசலத்தது. பெருக்கும் சத்தம் மெதுவாகக் கூடத்தைத் தாண்டி, சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.